விலங்கியல் ரீச்சரின் மண்டையோடுகள்

முகாமாக மாறியிருந்த பாடசாலை மண்டபத்தில், சுனாமியில் கடல் கொண்டுபோனவற்றைப் பதிந்துகொண்டிருந்த உத்தியோகத்தரின் பேனா சட்டென்று நின்றது. வீடு, தையல் மெசின், சைக்கிள் என்று சொல்லிவந்த எங்கள் விலங்கியல் ரீச்சர், அடுத்ததாக "வௌவால் மண்டையோடு, நாற்பத்தொண்டு" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இதுக்கெல்லாம் ஒண்டும் தரமாட்டாங்க ரீச்சர்" என்றார் உத்தியோகத்தர். "தரவேணாம். போனத எழுதுங்க." எழுதி முடியும்வரை ரீச்சர் நகரவில்லை. அலையில் செத்த தாயைப் புதைத்து அன்றைக்கு ஆறு நாள்.

அவர் படிப்பித்த பாடசாலையிலேயே கணிதம் படிப்பித்த எனக்கு அவருடைய ஆராய்ச்சி பைத்தியமாகத்தான் பட்டது. மின்கம்பியில் அடிபட்டு விழும் வௌவால்களைப் பொறுக்கிவந்து, மண்டையோட்டைச் சுத்தம்செய்து, மூளை இருந்த குழியை மெழுகில் வார்த்து அளப்பார். பழந்தின்னி வௌவாலுக்குப் பெரிய கண். மூளையில் பார்வைக்கும் மணத்துக்குமான பகுதிகளும் பெரியவை. பூச்சி பிடிக்கும் சிறு வௌவாலுக்குக் கடுகுக் கண்; தன் குரலின் எதிரொலியைக் கேட்டே பறப்பதால், மூளையில் கேட்டலுக்கான பகுதி புடைத்திருக்கும். புலனும் மூளையும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வளர்ந்திருக்கின்றன என்பார். "காது மட்டும் கூர்மையா இருந்து என்ன? கேட்டது விளங்க வேணாமா?"

அலை வந்து ஒரு மாதத்துக்குள் மறுபடி பொறுக்கத் தொடங்கிவிட்டார். யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒருநாள், வாழைச்சேனையிலிருந்து இருவரும் பஸ்ஸில் திரும்பும்போது, சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ரீச்சர் மண்டையோடுகள் போட்டுவைத்திருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்த சிப்பாய் திடுக்கிட்டான். "இது என்ன எலும்பு? வீசு" என்றான் உடைந்த தமிழில்.

ரீச்சர் தகரத்தை வாங்கி மூடி, மடியில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டார். "கடலுக்கு ஒருக்காக் குடுத்திட்டன். இனி ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

சாரதி ஹோர்ன் அடித்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க ரீச்சர், உசிர் பெரிசா, எலும்பு பெரிசா?"

"நீங்க போங்க. நான் இதோடதான் வாறன்."

நான் பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் மத்தியானம் ரீச்சர் தகரத்தோடு பாடசாலைக்கு வந்தார். சிப்பாய்களின் அதிகாரி ஒருவன் வந்து பார்த்து விடும்வரை, பொழுதுசாயும் மட்டும் அவரை வெயிலில் இருத்தியிருக்கிறார்கள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. ஓய்வறைக்குக்கூட வராமல் நேரே வகுப்புக்குப் போய், கரும்பலகையில் இரண்டு வௌவால் மூளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்.

"பயமில்லையா?" என்று பிறகு கேட்டேன்.

"பயந்தனான்தான். அதுக்காகக் குடுக்கிறதா?"

இப்போது அங்கே சாவடி இல்லை. பஸ் நிற்காமல் போகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நான் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.