செங்கம்மாவின் கையும் ஒரு நீலக் காரும்

வலது கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு வெளிர் நீலக் காரின் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள் செங்கம்மா. காலையில் பூ வாங்கி வந்த பை அது. வெறும் விரலுக்குப் பிடிபடாத சொரசொரப்பு, பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரிந்துவிடுமாம். பை தடுக்கித் தடுக்கிப் போனால் பெயின்டின் மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் சுத்தம்.

"ஒட்டிக்கினு கீது சாமி, அவ்ளோதான். கீறல் இல்ல," என்றாள் கண்ணைத் திறக்காமலே.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், புத்தலப்பட்டில், தகரக் கூரை போட்ட கார் வாஷ் அவளுடையது. ஐம்பது வயதிருக்கும். நகரியில் பவர்லூம் ஓட்டும் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவுவதெல்லாம் புருஷன் சந்திரன் வேலை. கறை என்று வந்துவிட்டால் செங்கம்மாதான். தார், மரப்பிசின், காக்கை எச்சம், கல்யாணக் காரில் பூவை ஒட்டிய டேப்பின் பசை, எதுவானாலும் சரி. எடுக்க முடியாத கறை உண்டா என்று கேட்டால், "எங்க ஊட்டுக்காரர் சட்டைக் காலர்" என்பாள்.

கார்க்காரர்களைப் பக்கத்தில் நிற்க விடமாட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சாலையைப் பார்க்கப் போட்டு, "அங்க போய்க் குந்துங்க, வர்ற பஸ்ஸ எண்ணிக்கினு இருங்க" என்று அனுப்பிவிடுவாள். தெலுங்குக்காரர் என்றால் அதே விரட்டல் தெலுங்கில் நடக்கும். பின்னால் நின்று 'ஐயோ, ஐயோ' என்று பதறுகிறவர்கள் அவளுடைய கையைக் கெடுத்துவிடுகிறார்களாம். பெட்ரோலில் நனைத்த துணியால் தானே தேய்த்துப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு நாற்காலியும் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து வந்தவர் விஜயராகவன். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை. திருப்பதியில் காலேஜ் லைப்ரரியன். ஐம்பத்து மூன்று வயது, நெற்றியில் ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல் நாமம். புத்தகம் கீழே விழுந்தால்கூட முகம் சுளிக்கிற இந்த மனுஷர், மனைவி பத்மினி கும்பகோணத்தில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவளுடைய புதுக் காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் ரேஸ் மைதானத்துக்குப் போய்விட்டார். யார் வேண்டுமானாலும் சொந்தக் காரையே கொண்டுவந்து ஓட்டலாம் என்று திறந்துவிட்ட நாள் அது. காலேஜில் படித்த காலத்திலிருந்தே ஆசையாம். முன்னால் பறந்த கார்களின் டயர்கள் உருகித் தெறித்த ரப்பர், அந்த வெளிர் நீலக் காரின் கதவிலும் பம்பரிலும் தாறுமாறாகக் கறுப்புக் கோடு இழுத்துவிட்டது.

"ஒரு மணி ரயில்ல வந்து இறங்கறா, செங்கம்மா. ஸ்டேஷனுக்கு இந்தக் காரத்தான் எடுத்துண்டு வரச் சொல்லியிருக்கா."

"திட்டுவாங்களா?"

"திட்டினாத் தேவலையே. பேசாம இருந்துடுவா. மாசக்கணக்குல."

பத்மினி இந்தக் காருக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தவள். திருமலை அடிவாரத்து அலிபிரியில் பூஜை போட்ட அன்று, பானெட்டின் மேல் தன் கையாலேயே ஒரு நாமம் இட்டாள். ஒரு மண்டலத்துக்கு அதன் மேல் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றும் சொல்லிவைத்தாள். பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

செங்கம்மா நாமத்தின் மேல் பாலித்தீன் தாளை விரித்துச் சுற்றிலும் டேப் ஒட்டினாள். மற்ற இடமெல்லாம் மண் போகச் சந்திரன் கழுவினான். தார் எடுக்கும் மருந்தில் துணியை நனைத்து, கறுப்புக் கோட்டின் மேல் பற்றுப் போடுவதுபோல வைத்து, ஒரு நிமிஷம் விட்டு, அழுத்தாமல் வழித்தெடுத்தாள். துணி கறுத்தது, கதவு நீலமாயிற்று. ஒவ்வொரு கோட்டுக்கும் துணியை மடித்து மடித்துப் புதுப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

இடது கதவில் ஒரு முழ நீளக் கோடு மட்டும் அசையவில்லை.

"இன்னா சாமி, எதுனா வண்டி ஒரசிச்சா?"

"பக்கத்துல ஒண்ணு ரொம்ப நெருங்கி வந்துது. நான் கண்ண மூடிண்டுட்டேன்."

"ரேஸ்ல கண்ண மூடிக்கினீங்களா!" செங்கம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஜயராகவனுக்குச் சிரிக்கும் தெம்பு இல்லை. அது கீறலாக இருந்தால் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும், அதற்கு இரண்டு நாளாவது ஆகும். பத்மினியின் முகத்தை இப்போதே பார்த்துவிட்டவர்போல நின்றார்.

செங்கம்மா சோப்புத் தண்ணீரைத் தெளித்து, களிமண் உருண்டை மாதிரி ஒன்றை எடுத்து அந்தக் கோட்டின் மேல் முன்னும் பின்னுமாக ஓட்டினாள். நாலு தடவை ஒன்றுமில்லை. ஐந்தாவது தடவை கோட்டின் ஒரு முனை இளகியது. பிறகு முழுக் கோடும் நூல் பிரிகிறதுபோல் வந்துவிட்டது. பையை மாட்டிய கையால் ஒரு தடவு தடவினாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"ஐபோயிந்தி சாமி!" சந்தோஷம் வந்தால் 'முடிந்துவிட்டது' என்பதுகூட அவளுக்குத் தெலுங்கில்தான் வரும்.

விஜயராகவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு சாலை வரை கேட்டிருக்கும். சந்திரன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். மணி பத்தேமுக்கால். திருப்பதிக்கு ஒரு மணி நேர ஓட்டம்தான்.

அந்தக் குஷியில் செங்கம்மா டேப்பைச் சரக்கென்று உரித்தாள். நாமத்துக்கு மிக நெருக்கமாக ஒட்டியிருந்த டேப், இடது பக்கத்து வெள்ளைக் கோட்டில் பாதியைக் கூடவே எடுத்துக்கொண்டு வந்தது.

செங்கம்மா டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். "பெருமாளே, நானே கெடுத்துட்டனே," என்றாள். இருபது வருஷமாகப் பிறத்தியார் கறையை எடுத்த கை, எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், விஜயராகவன் பதறவில்லை. தினமும் செய்கிற காரியமாயிற்றே. காரிலிருந்த பையில் திருமண் பெட்டியைத் தேடி எடுத்தார், உள்ளங்கையில் குழைத்தார், அந்தக் கோட்டில் மிஞ்சியதைத் துடைத்துவிட்டு ஒரே இழுப்பில் போட்டார். மனசு நிறைந்து பின்வாங்கினார்.

செங்கம்மா அவருடைய ஃபோனை வாங்கி, அலிபிரியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பானெட்டைப் பார்த்தாள். அவர் நெற்றியையும் பார்த்தாள்.

"இது உங்க நெத்தி சாமி. அம்மா போட்டது வலப்பக்கம் சாஞ்சிக்கினு கீது பாருங்க."

அவர் அழித்துவிட்டு மறுபடி போட்டார். நேராக வந்தது. சாய்க்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே போட்டாலும் நேராகத்தான் வந்தது. நாற்பது வருஷத்துப் பழக்கம் சொன்னபடி கேட்கவில்லை. "வரமாட்டேங்கறதே," என்றார் பரிதாபமாக.

"இன்னொருக்கா போடுங்க," என்றாள் செங்கம்மா. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து, கோட்டை மெல்ல மேலே இழுத்தார். பாதி வந்திருக்கும். ஃபோனில் ஒரு கண்ணும் பானெட்டில் ஒரு கண்ணுமாக நின்றிருந்த செங்கம்மா, தன் முழங்கையால் அவர் முழங்கையில் வலப்பக்கமாக லேசாக ஒரு இடி இடித்தாள்.