காய்ந்தாலும் இறங்காத நிறம்

எடப்பாடிச் சாயப்பட்டறைகளில் ஒரு நிறத்தைப் பற்றி ஐயம் எழுந்தால், கடைசியாகப் பாலசுந்தரத்தைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு ஆண்டுகளாகச் சாய மாஸ்டராக இருக்கும் அவர், ஈர நூல் சிட்டத்தை வெயிலில் ஒருமுறை உதறிப் பார்த்து, "காஞ்சா இது கனகாம்பரம்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அந்தக் கண்ணை அவர் பட்டறையில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருபவரும் அல்லர். ஒருமுறை மருத்துவர் அவருக்கு மஞ்சள் காமாலை என்றபோது, கண்ணாடியில் தம் கண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மஞ்சளுன்னு சொல்லாதீங்க டாக்டர். எலுமிச்சையில ஒரு பொட்டுப் பச்சை உழுந்திருக்குது" என்று திருத்தினார். அதற்காக மருத்துவர் மருந்தை மாற்றாதது பற்றி அவருக்கு இன்றும் மனக்குறை உண்டு.

அப்பேர்ப்பட்டவருடைய மகள் பிரீத்தி, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் மூன்று முறை தொடர்ந்து கோட்டை விட்டாள். அதுவும் நிறம் பார்க்கும் சோதனையில். பி.பார்ம் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். பொதுத்தேர்வின் செய்முறையிலும் இப்படியே நடந்தால், அந்த இடம் கைக்கு எட்டாது. தேர்வுக்கு இருந்தவை பன்னிரண்டு நாள்கள்.

பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார் வேதியியல் ஆசிரியர் சரவணக்குமார். பாலசுந்தரம் போனார். குடுவையில் இரும்பு உப்புக் கரைசல் இருந்தது. அதற்கு மேலே, பியூரெட் என்னும் நீண்ட கண்ணாடிக் குழாயில், கத்தரிப்பூ நிறப் பெர்மாங்கனேட். ஆசிரியர் திருகைத் திறந்தார். சொட்டுச் சொட்டாக விழுந்த நிறம், விழுந்த கணமே மறைந்தது. கடைசியில் ஒரு சொட்டு மறையாமல் நின்றது. குடுவைக்குள் இளஞ்சிவப்பு என்று ஒன்று இருந்தும் இல்லாமலும் தெரிந்தது. ஆசிரியர் திருகை மூடினார்.

"இதுதானுங்க முடிவுநிலை. உங்க பொண்ணு இங்க மூட மாட்டேங்குது. எல்லாருக்கும் பன்னெண்டு மில்லி வந்தா அதுக்குப் பதினஞ்சு வருது."

பாலசுந்தரம் குடுவையை வாங்கிச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது கலரே இல்லீங்க. சாயக் கையக் கழுவுன தண்ணி. காஞ்சா இதுல என்னங்க மிச்சம் இருக்கும்?"

"ஏனுங்க, இது எங்கீங்க காயப்போகுது?"

மேசையோரம் நின்றிருந்த பிரீத்திதான் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "நானும் காஞ்சா இறங்கும்னுதான் சார், ஒரு ஷேடு ஏத்தியே நிறுத்தறேன்."

குற்றவாளி யார் என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நூல், காய்ந்தால் வெளுக்கும். ஆகவே வேண்டிய நிறத்தைத் தாண்டியபின்தான் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும். ஐந்து வயது முதல் விடுமுறை நாள்களில் பட்டறைத் தொட்டியோரம் நின்ற பிள்ளைக்கு இதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர்தாம்.

அன்றைக்கே பட்டறைக்கு விடுப்புச் சொன்னார். மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் பாட்டிலும் குழாயும் பெர்மாங்கனேட்டும் வாங்கி வந்து, நூல் உலர்த்தும் மூங்கிலில் தொங்கவிட்டார். கீழே தம்ளரில், தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாறு. அதிலும் அந்த நிறம் மறையும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுப் பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் ஹார்லிக்ஸுடன் வந்தார். எலுமிச்சைச் சாற்றுக்கு மருந்து ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

பிரீத்தி சொட்டுகளை எண்ணினாள். வெளிர்நிறம் நின்றது. நிறுத்த வேண்டிய இடம் அதுவே என்பது பாலசுந்தரத்தின் அறிவுக்குத் தெரிந்தது. அவர் வாய்க்குத் தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு சொட்டு உடு சாமி, வெளுத்துக் கெடக்குது!"

அவள் விட்டாள். ரோசாப்பூ நிறமாயிற்று. மறுமுறை உதட்டைக் கடித்துக்கொண்டார். நாற்பத்து மூன்றாம் சொட்டில் உதடு தானாகத் திறந்தது. பதினோரு எலுமிச்சை தீர்ந்தன. அவரை வெளியே அனுப்பிவிட்டுச் செய்தபோதும் அவள் கை அப்பாவின் கையாகவே இருந்தது.

விசைத்தறிக்கான தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருந்த மனைவி சாரதாமணி இராட்டையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, நீங்க பதறிக் கத்துனீங்களே, அப்பெல்லாம் அந்த சார் சொன்ன கலருதான் இருந்துச்சு. பாப்பா, அப்பா வாயத் தொறந்ததும் மூடிப்போடு."

நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று.

ஒரே ஒரு சிக்கல். அவர் வேண்டுமென்றே சொன்னால் கணக்குப் பிசகியது. மனம் உண்மையாகவே பதற வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் அவரை, பாழாகப் போகும் ஒரு தொட்டி நூலை எண்ணிக்கொண்டு உட்காரச் செய்தார்கள். பத்து நாளில் மூன்று கிலோ இளைத்தார்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை, தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்து, ஆசிரியரைப் பார்க்கப் போனார்.

"சார், தேர்வு அறையில என்னை ஒரு ஓரமா நிக்க உடுவீங்களா? பேச மாட்டேனுங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும்."

"ஏனுங்க, நீங்க என்ன உபகரணமா?"

"அப்படித்தானுங்க ஆகிப்போச்சு."

சரவணக்குமார் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

"நானில்லாம எப்படி சாமி?" என்றார் வீட்டில், மகளிடம்.

"நீங்க இல்லாட்டி என்னங்கப்பா, பதறுற உங்க மூஞ்சி இருக்குதுல்ல. அது நான் எங்க போனாலும் கூடவே வருது" என்றாள் பிரீத்தி.

மறுநாள் பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று மணிநேரம் நின்றார். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கதவு திறந்து பிள்ளைகள் வந்தார்கள். பிரீத்தி கடைசியாக வந்தாள்.

"மூணு வாட்டியும் பதினொண்ணு புள்ளி எட்டுங்கப்பா. வெளிய இருந்து வந்த சார், கையில வெச்சிருந்த தாளைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, சரின்னு டிக் போட்டுட்டாரு."

பாலசுந்தரத்தால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கலரு எப்படி இருந்துச்சு?"

"நம்ம பட்டறையில அப்படி எடுத்திருந்தா, நூல் குடுத்த பார்ட்டி நம்ம மூஞ்சியிலேயே உட்டெறிஞ்சிருப்பாங்க."

"அவ்வளவு மட்டமாவா?"

"அதைவிட மட்டமுங்கப்பா."

"சபாஷ்!" என்று கத்தினார் பாலசுந்தரம். சாலையில் போன நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.