சிக்கந்தர் பாய் தூங்க வைத்த கம்ப்யூட்டர்கள்

மீசையில் பாதிக்குச் சாயம் பூசியிருந்தபோதுதான் போன் வந்தது. சிக்கந்தர் பாய் தவறிவிட்டார், சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார் அவருடைய தம்பி. புதுப்பட்டியிலிருந்து விருதுநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மறுபாதியைப் பூசிக் காயவிட நேரமில்லை. அதனால் ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் வெள்ளையுமாகத்தான் வந்து நின்றேன். இன்று இங்கே கூடியிருக்கும் நீங்கள் யாரும் அன்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்த மரியாதை. பாய் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். "அண்ணே, ஒரு பேஸ்ல மட்டுந்தான் கரண்ட் வருதா?" என்று கேட்டிருப்பார்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் மெயின் சுவிட்ச்தான் என் உத்தியோகம். வானம் உறுமினால் இறக்க வேண்டும், மழை விட்டு வெறித்தால் ஏற்ற வேண்டும், இடையில் டீ வாங்கி வர வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது பெரிய பதவி. பாய் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியர். விருதுநகர் பஜாரில் சின்னக் கடை வைத்திருந்தார். பை ஒரு தோளில், அலுப்பு இன்னொரு தோளில் என்று வந்து இறங்குவார். "அலுப்பா இருக்குண்ணே" என்பதுதான் அவருக்கு வணக்கம்.

வந்த முதல் நாள் தொழிலாளர் வாசலில் ஒரு செம்புத் தகட்டைப் பார்த்தார். வெடிமருந்து ரூமுக்குப் போகிறவர்கள் உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் பூமிக்கு இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். கம்ப்யூட்டரைத் திறப்பவனும் அப்படித் தொட வேண்டும் என்றார் பாய். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் வெயிலில் அந்த வாசல் வரைக்கும் நடந்து போய்த் தொட்டுவிட்டு வருவார்.

"என்ன பாய், நம்ம தகட்டுக்கு நேர்ச்சையா?" என்று நான் வம்பிழுப்பேன்.

"நீங்க தொடாம மருந்து ரூம்புக்குப் போய்ட்டு வாங்கண்ணே. நான் இங்கன நின்னு வேடிக்கை பாக்குறேன்" என்பார்.

இரண்டாயிரத்துப் பதினேழு தீபாவளி சீசனில்தான் சோதனை வந்தது. எங்கள் ஆபீசில் ஒன்பது கம்ப்யூட்டர்கள். நான் மெயினை ஏற்றியதும் ஒன்பதும் தாமாகவே ஒரே நேரத்தில் எழுந்துகொள்ளும். அந்த இழுப்பில் போர்டில் ஃபியூஸ் பட்டென்று தெறிக்கும். ஒரு நாள் பொறி பறந்ததை முதலாளியே பார்த்துவிட்டார். வேறு ஊரில் அது ஒரு பொறி. பட்டாசுக் கம்பெனி காம்பவுண்டுக்குள் அதற்குப் பேரே வேறு. முதலாளி சத்தம் போடவில்லை. "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா ஆபீச சூலக்கரைக்கு மாத்திருவேன்" என்றார். பட்டாசு இல்லாத சூலக்கரைக் கட்டடத்தில் இடி இடித்தால் மெயினை இறக்க ஆள் வைக்க மாட்டார்கள். என் உத்தியோகம் போன மாதிரிதான். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையைத் திறந்தார்.

கம்ப்யூட்டர் கண் விழிக்கும் முன்பே அதற்குள் சில கட்டளைகள் உட்கார்ந்திருக்குமாம். அதற்குப் பயாஸ் என்று பெயர். கரண்ட் போய் வந்தால் தானாக எழு என்று அதில்தான் எழுதியிருக்கிறது. கை பட்டால் மட்டும் எழு என்று மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக அணைத்து உள்ளே நுழைந்து மாற்றலாம்தான். ஆனால் சீசனில் பில் போடும் மிஷினை அணைக்க முதலாளி விடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டளை தட்டி மாற்ற ஒரு வழி உண்டு என்றார் பாய். அதற்கு மாட்யூல் என்று ஒரு துணை ஆள் வேண்டும். அந்த ஆளைப் பென் டிரைவில் கொண்டுவந்து, ஒன்பதிலும் ஏற்றிவிடச் சொல்லிக் கணக்குப் பார்க்கும் பேச்சியம்மாள் அக்காவிடம் கொடுத்தார்.

மறுநாள் கட்டளை தட்டும் நீலச் சன்னலைத் திரையில் திறந்து அந்த ஆளைக் கூப்பிட்டார். சிவப்பில் ஒரு பத்தி வந்தது. பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. "முதல் வரிய மட்டும் படிங்க. மத்ததெல்லாம் அது பொலம்புறது" என்பார். முதல் வரி சொன்னது: அந்தப் பெயரில் ஒரு மாட்யூலும் கிடைக்கவில்லை. ஏற்றியாகிவிட்டது என்று அக்காவே சொன்ன பிறகு பாய் வேறெங்கெல்லாமோ தேடினார். சன்னலைப் பெரிய அதிகாரத்தோடு திறந்து பார்த்தார். பூட்டியிருந்த அனுமதியைத் தளர்த்திப் பார்த்தார். பழைய சன்னலை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார். அதே சிவப்புதான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவரின் கால்கள் வீங்கியிருந்தன. "போதும் பாய். நான் சூலக்கரையில டீக்கடை போட்டுக்கிறேன்" என்றேன். சிரிக்காமல் சொன்னார்: "நீங்க போடுற டீய நாங்க குடிச்சிருக்கோம்ண்ணே. அதுக்காகவே இத முடிக்கணும்."

சனிக்கிழமை காலையில் மறுபடியும் முதல் வரியைப் படித்தார். பிறகு மாட்யூல் இருந்த ஃபோல்டரைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, பேருக்கு முன்னால இது என்ன?"

"பிள்ளையார் சுழி. அது போடாம எப்படிப் பாய் ஆரம்பிக்கிறது? நல்லபடியா நடக்கட்டும்னு ஒன்பதுலயும் போட்டுருக்கேன்."

எங்கள் ஆபீசில் பில்லோ ஆர்டரோ எதுவானாலும் 'உ' போடாமல் தொடங்காது. ஆனால் மாட்யூல் தன் பெயரிலேயே உள்ள ஃபோல்டரில்தான் இருக்க வேண்டுமாம். பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் நீலச் சன்னல் ஆளில்லை என்று சொல்லிவிடுமாம்.

"அப்ப இம்புட்டு நாளா வழி மறிச்சது பிள்ளையாரா பாய்?" என்றேன்.

"ஏண்ணே வம்புல இழுத்து விடுறீக. அவரு வாசல்ல இருக்கட்டும். உள்ள ஒரு ரூம்பு போட்டு நம்ம ஆள உக்கார வச்சிருவோம்."

அப்படியே செய்தார். சுழி போட்ட ஃபோல்டருக்குள் சரியான பெயரில் இன்னொன்றைப் போட்டு, மாட்யூலை அதற்குள் மாற்றினார். வாசல் எங்கே என்று சன்னலுக்குச் சொன்னார். ஒன்பதிலும் ஒரு 'உ'வைக்கூட அழிக்கவில்லை. சிவப்பு வரவில்லை; கை பட்டால் மட்டும் எழு என்று ஒன்பதிலும் கட்டளை தட்டினார்.

வார பில் முடிந்த மாலையில் முதலாளி வந்து நின்றார். நான் மெயினை இறக்கினேன், ஏற்றினேன். மேலே காற்றாடி மட்டும் சுற்றியது. ஒன்பதும் அசையாமல் கிடந்தன. போர்டில் சத்தமே இல்லை. "சரி, இங்கனயே இருந்துட்டுப் போங்க" என்று முதலாளி போய்விட்டார். நான் டீ வாங்கி வருவதற்குள் பாய் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து, "நானும் அதுக மாதிரிதாண்ணே. கை வச்சாத்தான் எந்திரிப்பேன்" என்றார்.

போன அன்றும் கடை நாற்காலியில் அவர் அப்படித்தான் இருந்தாராம். தம்பி டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தோளைத் தொட்டிருக்கிறார்.

பாய் போனதிலிருந்து எனக்கும் அலுப்பாக இருக்கிறது. கிண்டல் பண்ணினால் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. எதைத் தொடுவதற்கு முன்பும் வாசல் வரைக்கும் போய்த் தகட்டைத் தொட்டுவிட்டு வருகிறேன், டீ கிளாஸுக்குக்கூட. எவர் புலம்பினாலும் முதல் வரியை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

போன வாரம் நல்ல இடி. மெயினை இறக்கினேன். மழை விட்டதும் ஏற்றினேன். கம்ப்யூட்டர்கள் ஒன்றும் வரவில்லை. முன்பெல்லாம் உடனே பாய்க்குப் போன் போடுவோம்; இப்போது போட ஆளில்லை. கரண்ட் இல்லை என்று அக்கா சொன்னார். எல்லோரும் சுற்றும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து காத்திருந்தோம். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு லைன்மேனை வரவழைத்தோம். அவர் நனைந்த சட்டையைக் கழற்றிக் காற்றாடிக்கு நேரே காய வைத்தார், நான் கொடுத்த டீயைக் குடித்தார், ஒன்பது கம்ப்யூட்டர்களிலும் பட்டனை அமுக்கிவிட்டுப் போனார்.