இடது பக்கம் காலி

ஆரணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் பெயரில் பிழை இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். உச்சியில் பிள்ளையார் சுழி இல்லாத தாளைக் கையால் தொடமாட்டார்கள். அன்று அந்த 'உ' வரவில்லை.

நானும் அக்காவும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்கள். பட்டுக்கடை லேபிள், புடவைப் பெட்டி அட்டை, பத்திரிகை என்று வேலைக்குப் பஞ்சமில்லை. கடை முழுக்க அக்காவின் பிடிவாதம். "பொம்பளப் புள்ளைங்களுக்கு மாடி ஏறி இன்னா கடை?" என்று அப்பா சாக்குக் கிடைத்தபோதெல்லாம் இழுத்து மூடப் பார்ப்பார். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கீபோர்டு விஷயத்தில் அவள் ராட்சசி. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரவேண்டும் என்று மாற்றி வைக்க எங்களிடம் ஒரு மென்பொருள் இருந்தது. அதைக் குடைந்து குடைந்து ஸ்ரீ, ஓம், மாங்காய், அன்னம் என்று லேபிளுக்கு வேண்டியதையெல்லாம் சும்மா கிடந்த விசைகளில் குடியேற்றியிருந்தாள். நானோ ஒரு குறிக்கு ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண்களைத் தட்டும் ஜாதி. "என் மிஷின தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்" என்பாள். இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து, முதுகு காட்டி உட்காருவோம். அவள் இடது முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றியபடிதான் திரையைப் படிப்பாள்.

அந்தக் கோடையில் கொதிக்கிற டீ அவள் இடது கையில் கொட்டியது. துடைத்துவிட்டுச் சிரித்தாள். வீராங்கனை வந்துட்டா, வழி விடுங்க என்று நான் கிண்டல் செய்தேன்.

வைகாசி முகூர்த்த நேரம். அக்கா போளூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க ஒரு நெசவாளர் வந்து நின்றார். வேறு வழியில்லை, அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

'உ' விசையைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. எங்கள் முறையில் அ, ஆ, இ எல்லாம் இடது கைப் பக்கம்தான். ஒவ்வொன்றாகத் தட்டினேன். திரை வெள்ளையாகவே இருந்தது.

"இன்னாம்மா, புள்ளையார் சுழியே வரமாட்டேங்குது?" என்றார் அவர். முகமே வெளிறிவிட்டது.

"கீபோர்டு மக்கர் பண்ணுதுங்க. இருங்க, ஜல்தியா மாத்திடறேன்."

என் கீபோர்டைப் பிடுங்கி மாட்டினேன். அதே கதை. வைரஸ்தான் என்று நினைத்தேன். கடைசியில் அந்த மென்பொருளைத் திறந்தேன். திரையில் கீபோர்டின் படம் வந்தது. இடது பாதி முழுக்கக் காலி. ஒரு எழுத்து இல்லை. அத்தனையும் வலது பாதியிலும் ஓரத்து எண் விசைகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் தொடக்கூடாது என்பதற்காக இவ்வளவு வேலையா? பல்லைக் கடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து வலது கையால் அடித்தேன். சுழி வந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்ரீ வந்தது. பெண் பெயர் வந்தது. பாதிப் பத்திரிகையில் குனிந்து பார்க்கிறேன், என் இடது கை வேலையில்லாமல் மடியில் கிடக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நாளாக, எப்போது திரும்பினாலும் அக்காவின் இடது கை முந்தானைக்குள்தான் இருந்தது. அந்த டீ ஞாபகத்துக்கு வந்தது. அதற்குமேல் எனக்கு விரல் ஓடவில்லை. நாளைக்கு வாங்க என்று அவரை அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா கை நிறைய வளையலோடு படியேறி வந்தாள். அவள் இடது கையை இழுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் திரையில் இன்னும் திறந்திருந்த கீபோர்டு படத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்பா கைல சொல்லிடாதடி. இதான் சாக்குன்னு கடைய மூடிடுவாரு. கொஞ்ச நாளா மரத்துகினு கீது, அவ்ளோதான்."

அவள் சுண்டுவிரலைப் பலம்கொண்ட மட்டும் கிள்ளினேன். நகம் பதிந்து ரத்தம் கட்டியது.

"கிள்ளிப் பாக்கப் போறியா?" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "சரி, கிள்ளு."

ஏற்கெனவே கிள்ளியிருந்த விரலை மெதுவாக விட்டேன்.

மறுநாளே வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஊன்றி ஊன்றியே வந்தது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். உணர்ச்சி திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அப்பா பூட்டோடு வந்தார். அவள் ஒற்றைக் கையால் அவர் கண்ணெதிரில் ஒரு பத்திரிகையை முழுசாக அடித்து நீட்டினாள். பூட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

தினமும் கடை மூடும் முன் அந்தச் சுண்டுவிரலைக் கிள்ளுவேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "கிள்ளிட்டியா?" என்பாள். கிள்ளியாச்சு என்பேன். மழைக்காலம் போய்ப் பொங்கல் வேலையும் முடிந்தது. அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

ஒருநாள் வழக்கம்போல் கிள்ளினேன். பளாரென்று கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. "எருமை, வலிக்குதுடி!" என்று கத்தினாள்.

அடித்த கையை இருவரும் பார்த்தோம். இடது கை.