உள்ளேன் சொல்லாத நாட்கள்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். ஆறாம் வகுப்பு ஜன்னலிலிருந்து முதலில் தெரிந்தது ஒரு மூங்கில் கழியின் நுனி. அதில் கட்டியிருந்த நீல பிளாஸ்டிக் பை, பள்ளி மதிலுக்கு மேலே ஆடியபடி வாசலை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கழியைப் பிடித்திருந்தவர் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. அந்தப் பையைக் கண்டால் ஒரு வாத்து மந்தையே திசை திரும்பும். அது அப்பாவின் கழி.

பூதலூரைச் சுற்றி அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பது எங்கள் பிழைப்பு. சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்குத் தீனி. சாயங்காலம் அப்பா மந்தையைப் பள்ளிச் சாலை வழியாக ஓட்டிவருவார். பள்ளி விடும் நேரமும் அதுதான். ஒருநாள் அவரைப் பார்த்து நான் கையசைத்துவிட்டேன். மறுநாள் காலை டீச்சர் என் பெயரைக் கூப்பிட, நான் "உள்ளேன் டீச்சர்" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து யாரோ "குவாக்" என்றான். டீச்சர் கைபேசியில் வருகை போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

சில நாட்களில் வகுப்பே கத்தியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பையை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போனாள். "உம்மேல வாத்து நாத்தம் அடிக்குதுடி. எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். சட்டைக் கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

வழியை நானே கண்டுபிடித்தேன். பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. பதில் இல்லையென்றால் கத்தலும் இல்லை. டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே நான் வராதவள் ஆனேன். அது எனக்கு வெற்றியாகத்தான் பட்டது.

அந்தச் சமயத்தில்தான், பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் பதிவு செய்த குரலில் போன் போகும் ஏற்பாடு வந்தது. வயலில் நின்ற அப்பா அந்தக் குரலிடம், "இல்லைங்கம்மா, புள்ள வந்துச்சுங்களே, நாந்தானே கொண்டாந்து விட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். குரல் தான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அன்று மந்தையை மாமாவிடம் விட்டுவிட்டு அப்பா ஓடிவந்திருந்தார்.

வகுப்பு வாசலில் கழியைச் சுவரில் சாய்த்தார். முழங்கால் வரை புழுதி. கண் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து என்னிடம் வந்து நின்றது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம்பொண்ணு வரலைன்னு போன் வந்துச்சுங்க டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "ஏய், நீ இங்கதான் இருக்கியா? உள்ளேன்னு சொல்ல வாய் இல்லையா? எங்க, அப்பா முன்னாடி சொல்லு." பெயரைக் கூப்பிட்டார்.

அப்பாவின் காதில் அந்தக் கத்தல் விழக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர் போகும்வரை பேசாமல் நின்றுவிடலாம் என்று பார்த்தேன்.

"சொல்லு பாப்பா" என்றார் அப்பா.

சொன்னேன்.

"குவாக்." பிறகு எல்லாரும்.

டீச்சர் மேசையைத் தட்டி "சைலன்ஸ்" என்றார். இது குறித்து அந்தப் பள்ளி எடுத்த நடவடிக்கை அது ஒன்றுதான்.

அப்பா சிரித்தார். "நல்லாத்தான் கத்துறீங்க தம்பிகளா. எம்மந்தை கேட்டா இங்கயே வந்துரும்." வகுப்பும் சிரித்தது. கழியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் புரியவில்லை என்று நிம்மதியாக இருந்தது. புரியவில்லையே என்று கோபமாகவும் இருந்தது.

சாயங்காலம் கேட்டார்: "ஏம்பாப்பா, உம்பக்கத்துல யாரும் உக்காரலையா?"

"காத்து வரும்னு நாந்தான் தனியா உக்காந்தேம்ப்பா."

"ம்" என்றார்.

அதன்பின் நான் தினமும் உள்ளேன் சொல்ல வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போன் போகும். கத்தல் ஆண்டுத் தேர்வு வரை நிற்கவில்லை. ஆனால் அப்பா வந்துபோன மறுநாளிலிருந்தே பள்ளிச் சாலையில் வாத்துகள் வரவில்லை. பள்ளி விட்டதும் மதிலுக்கு மேல் நீலப் பை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடப்பேன். அப்பா பெரிய வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு, இருட்டிய பிறகு மந்தையோடு வந்து சேர்ந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டதற்கு, "அந்தப் பக்கம் தண்ணி கெடக்கு. நத்தையும் நெறைய" என்றார். நான் நம்பினேன்.

அது மாசி மாதம். மேட்டூர் அணையை ஏற்கெனவே மூடியிருந்தார்கள். வாய்க்கால் காய்ந்து கிடந்தது.