வாசலக்காவின் நான்கு நிமிடம்

“10.42 முதல் 10.46 வரை கொள்கலன் கதவு என் பார்வையில் இருக்கவில்லை. பிழை என்னுடையது.” நான் கப்பல் பத்திரங்கள் தயாரித்த ஆடைத் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பதிவேட்டில் உள்ள வரி இது. பிரதியொன்றை வைத்திருக்கிறேன். பக்கம் நனைந்ததில் திகதி அழிந்துவிட்டது. நேரம் மட்டும் தெளிவாக இருக்கிறது. எழுதியவர் வாகரையிலிருந்து வந்த காவல் அலுவலர். எங்களுக்கு அவர் வாசலக்கா.

வெளிநாட்டு வாங்குநரின் விதி கடுமையானது. கொள்கலனின் கதவு திறந்தது முதல் இலக்கமிட்ட பூட்டு விழும்வரை ஒருவர் அதைப் பார்த்தபடி நிற்கவேண்டும். ஆடைகளுக்குள் எவரும் எதையும் ஒளித்துவிடக் கூடாது. கண் தவறினால் எல்லாப் பெட்டிகளையும் இறக்கிச் சோதிக்கவேண்டும். தவறவிட்டவருக்கு வேலை போகும். அக்கா சோற்றுப் பொதியைக்கூடக் கதவைப் பார்த்தபடி நின்றே சாப்பிடுவார்.

அன்று வாவிப் பக்கமிருந்து மழை அடித்து வந்தது. மின்சாரம் போய்க் கமராவும் நின்றது. ஏற்றுவதற்காக வெளியே அடுக்கியிருந்த பெட்டிகளை மூடிய தறப்பாளைக் காற்று தூக்க, அக்கா ஓடிப்போய் இழுத்துக் கட்டினார். திரும்பி வந்து நேரே பதிவேட்டைத் திறந்தார்.

“என்னகா, உனக்கு விசரா? ஒருத்தரும் காணல்லதானே!” என்றார் ஏற்றுமதி மேற்பார்வையாளர்.

“நானும் காணல்ல சேர். அதுதானே பிழை.”

ஏற்றியதெல்லாம் இறங்கியது. பெட்டிகளில் ஆடைகளைத் தவிர எதுவும் இல்லை. லொறி பிந்தித்தான் கொழும்புக்குப் புறப்பட்டது. அது ஏறவேண்டிய கப்பலைத் தவறவிட்டோம். அக்காவின் பணிநீக்கக் கடிதத்தை நானே தட்டச்சுச் செய்தேன். முகாமையாளர் கையெழுத்திடாமல் மேசை லாச்சிக்குள் வைத்தார்.

பிறகு வாங்குநரின் தணிக்கையாளர் வந்தார். பிழையே இல்லாத பக்கங்களை விரைவாகப் புரட்டியவர், இந்த ஒரு பக்கத்தில் நின்றார். எழுதியவரைப் பார்க்கவேண்டும் என்றார். அழைக்கப் போனேன். அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

“கதவு திறந்து கிடக்கு தம்பி. பூட்டு விழட்டும், வாறன். அவரை இருக்கச் சொல்லுங்க.”

தணிக்கையாளர் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். லாச்சிக்குள் கிடந்த பணிநீக்கக் கடிதத்தை முகாமையாளர் அன்றே கிழித்தார்.

இப்போது அந்த இடத்தில் மூன்று கமராக்கள் உள்ளன. அண்மையில் அந்த லொறியின் சாரதியைச் சந்தித்தேன். அக்கா தறப்பாள் கட்ட ஓடியதை லொறியின் பக்கக் கண்ணாடியில் பார்த்திருந்தாராம். “நாலு நிமிசமா? ஒரு நிமிசமும் வராது” என்று சிரித்தார். ஓடுமுன் கடைசியாக மணி பார்த்த நேரத்திலிருந்தே கணக்கிட்டு, அக்கா தனக்கு எதிராகவே கூட்டி எழுதினாரா? பிரதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 10.42, 10.46. எது சரியென்று இன்னும் உறுதிப்படுத்தவில்லை.