ஒரு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு

றோசலின் கோபக்காரி. பார்க்டேலில் அவள் குடியிருந்த பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ற் நின்றுபோனால், சூப்பரின்ரெண்டனுக்கு முதலில் யார் போன் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கிலிஷ் அரைகுறைதான். ஏசுவதற்கு அது தாராளமாகப் போதுமாயிருந்தது.

குருநகர்க்காரி, மீன்பிடிக் குடும்பம். பத்து வயதிலேயே கிழிந்த வலை பொத்தப் பழகிய கை. கனடாவுக்கு வந்து நாலு வருடம் உடுப்புத் தொழிற்சாலையில் இருந்தாள். அதைப் பூட்டியதும், தொண்ணூற்றாறாம் ஆண்டு பிறம்ரனில் அன்புராசா நடத்திய தையல் பட்டறையில் சேர்ந்தாள். சோபா உறை, படகு மூடும் கன்வஸ், இப்படியான வேலைகள். விடிய அன்புராசாவின் வான் வந்து, அவளையும் அதே கட்டடத்து பேபியக்காவையும் ஏற்றிக்கொண்டு போகும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் பட்டறைக்கு ஒரு சட்டம் வந்தது. ஆள் உயரம். பெரிய மீனைத் தின்றுவிட்டு எலும்பை மட்டும் நிறுத்தி வைத்ததுபோல, மெல்லிய உலோக விலாக்கள்.

"என்ன அண்ணை உது?"

"பெரிய பாய்ப்படகு ஒண்டின்ர பாகம், பிள்ளை. துணி இழுத்துத் தைக்கவேணும். நல்ல ஓடர்."

சட்டத்தோடு கெல்லி என்ற வெள்ளைக்காரனும் வந்தான். அறுபது வயதிருக்கும். ஒரு அடி நீள ஊசியையும் மெழுகு பூசிய நூலையும் எடுத்து வேலையைக் காட்டினான். ஒருத்தி இந்தப் பக்கம் இருந்து ஊசியைத் தள்ள, மற்றவள் அந்தப் பக்கம் வாங்கி, விலாவைச் சுற்றித் திருப்பி அனுப்பவேண்டும். பிறகு முடிச்சு. அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. றோசலின் மாதிரிக்குப் போட்ட முடிச்சுகளைக் கெல்லி நகத்தால் கிளப்பிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. பத்திரம் ஒன்றை எடுத்து, 'தைத்தவர்' என்ற இடத்தில் அவளுடைய பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டான். கனடாவில் அவள் செய்த வேலைக்குப் பக்கத்தில் அவள் பெயரை யாரும் எழுதியது அதுதான் முதல் தடவை.

ஆடி முடிவதற்குள் கீழ் மூன்று விலாக்கள் தவிர மற்றதெல்லாம் முடிந்துவிட்டன. அப்போதுதான் அன்புராசா அவர்களைப் பக்கத்திலுள்ள சின்ன விமானத் தளத்துக்கு, வேறொரு துணியை அளவெடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

கொட்டகைக்குள் வாலில்லாத விமானம் ஒன்று நின்றது. முன்னுக்கு மூன்று அலகு புறொப்பெல்லர். இறக்கை விளிம்பில், பக்கத்துக்கு நாலாய், துப்பாக்கிக் குழல்களுக்கான ஓட்டைகள். றோசலின் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

அங்கே காத்திருந்த கெல்லிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஹரிக்கேன் என்றான். இரண்டாம் உலக யுத்தத்துச் சண்டை விமானம், இங்கிலாந்தில் வரைந்தது, ஆயிரத்துக்கு மேல் கனடாவிலேயே செய்தது என்றான்.

"அரிக்கன் லாம்போ?" என்று பேபியக்கா சிரித்தாள். றோசலின் சிரிக்கவில்லை.

உடம்பின் பின்பாதியைத் தட்டி, பட்டறையில் அவர்கள் தைக்கும் சட்டம்தான் இதன் வால் என்று காட்டிக் கெல்லி சொன்னான்: இதெல்லாம் துணி. எதிரியின் குண்டு ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போய்விடும். தகரமென்றால் கிழமைக்கணக்கில் திருத்தவேண்டும். இதற்கு ஒட்டுப் போட்டு, பசை பூசிக் காயவிட்டால், அடுத்த நாளும் பறக்கும்.

அவன் புகழ்ந்துதான் சொன்னான். றோசலினுடைய காதில் விழுந்தது வேறு. அடித்தாலும் விழாது, திரும்பவும் வரும்.

அவளுடைய அண்ணன் அமிர்தநாதர் அப்படித்தான் செத்தார். தொண்ணூறில், ஊரில் யுத்தம் நடந்தபோது, புறொப்பெல்லர் வைத்த பொம்மர் விமானம் ஒன்று தாழப் பதிவாக வந்து சுட்டுவிட்டுப் போனது. சத்தம் தேய்ந்ததும், "போட்டான், இனி வரமாட்டான்" என்று சொல்லிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் இருந்து ஏறினார். அது போகவில்லை, திரும்பி வந்தது. பிறகு எழும்பிப் போகையில் றோசலின் கண்டது அதன் வாலைத்தான்.

"அண்ணை, உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று அவள் அன்புராசா பக்கம் திரும்பினாள். "பாய்ப்படகு எண்டு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொல்லியிருந்தா தைச்சிருப்பியோ?"

"மாட்டன்."

"அப்ப?"

"அப்பவோ? ரெண்டு மாசமா என்ர கையால பொம்மருக்கு வால் தைப்பிச்சுப்போட்டு, அப்பவோ?"

"இது ஹிட்லருக்கு அடிச்ச பிளேன், பிள்ளை. எங்களுக்கு அடிச்சது வேற."

"கீழ கிடக்கிறவனுக்கு மேல வாறதின்ர பேர் தெரியுமோ?"

பையிலிருந்த ஊசியை எடுத்துப் பேபியக்காவின் கையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். வானுக்கும் காத்திருக்கவில்லை.

மூன்று கிழமை வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். ஒரு காலமை பேபியக்கா மீன் குழம்போடு வந்தாள்.

"எடியே, உன்ர வால் முடிஞ்சுது. மிச்ச மூண்டு விலாவையும் அன்புராசாவும் நானும் ஒரு பின்னேரத்தில தைச்சிட்டம்."

"ஒரு பின்னேரத்திலயோ? எப்பிடி?"

"அந்தாள் அங்குலமெல்லாம் பாக்கேல்லை. மூண்டு அங்குலத்துக்கு ஒண்டு. மேல நாடா ஒட்டிப் பெயின்ற் அடிச்சாச்சு. ஆருக்குத் தெரியப்போகுது? வாற சனிக்கிழமை விமான வேடிக்கையில கெல்லிதான் பிளேனை ஓட்டுறானாம்."

றோசலின் கோப்பையை வைத்தாள். "பேப்பரில ஆற்ற பேர் கிடக்கு?"

"உன்ரதான். பின்னை, அன்புராசா தன்ர பேரையோ போடுவார்?"

குழம்பு மேசையில் ஆறியது. மூன்று பஸ் மாறி, கடைசி இரண்டு மைலும் வெயிலில் நடந்து றோசலின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது, வால் விமானத்தில் பூட்டியிருந்தது. பளபளவென்று பச்சையும் மண்ணிறமும். யாரிடமும் கேட்காமல் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, கீழ் விலாவின் நாடாவுக்குள் விட்டுக் கிழித்தாள்.

கெல்லி கத்திக்கொண்டு ஓடிவந்தான். அன்புராசாவும் ஓடிவந்தார்.

"எடி பிள்ளை, என்ர சோத்தில மண் போடாத!"

"நீங்கள் என்ர பேரில பிணம் போடப் பாத்தனீங்கள்!"

அவள் கெல்லியின் கையைப் பிடித்து இழுத்து, அவனுடைய பெருவிரலை முதல் முடிச்சில் வைத்தாள். அடுத்த முடிச்சுக்குப் போக மூன்று பெருவிரல் பிடித்தது. இன்னொரு தடவை வைத்தாள். அவன் தானே நாடாவைக் கிழித்துப் பார்க்கத் தொடங்கினான். வேகக் காற்றில் துணி எழும்பினால் வால் என்னவாகும் என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஓட்டப்போகிறவன் அவன்தான். "யார்?" என்று மட்டும் கேட்டான். றோசலின் கை நீட்டிக் காட்டினாள். அன்புராசா வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கெல்லி ஊசியைக் கொண்டுவந்து அவள் முன்னால் பிடித்தான். அவள் அதைப் பார்த்தாள். இறக்கையிலுள்ள ஓட்டைகளைப் பார்த்தாள். போய்விடலாம். போனால், பத்திரத்தில் அவள் பெயரும் வாலில் கெல்லியின் தையலும்தான் இருக்கும்.

"ஐ ஹேற் திஸ் பிளேன்," என்றாள். பிறகு ஊசியைப் பறித்தாள். "யூ சிற் அதர் சைட்."

இரண்டு நாள் தைத்தார்கள். மறுபக்கத்தில் கெல்லி. தள்ளத் தெரியாமல் தள்ளினான். "மெல்ல, மாடு!" என்று தமிழிலேயே ஏசினாள். அவனும் விளங்கினதுபோல "சொறி" என்றான். ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு தடவை கேட்டான். "மை பிறதர்," என்றாள். "பிளேன் கோ. தென் கம் பாக்." மறுபக்கத்தில் இருந்து அடுத்த ஊசி மெதுவாக, சரியான இடத்தில் வந்தது.

சனிக்கிழமை, கண்காட்சித் திடலுக்கு மேலே விமான வேடிக்கை. ஒவ்வொரு புரட்டாதியும் பார்க்டேல் தமிழ்ச் சனம் கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு ஏசும் நாட்கள். றோசலின் பல்கனியில் நின்றாள். பேபியக்கா உள்ளே மேசைக்கு அடியில்.

ஏரிப் பக்கமாக அந்தச் சத்தம் வந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்தாள். விமானம் பதிவாக வந்து, தாண்டி, திரும்பி, மறுபடியும் வந்தது. புறொப்பெல்லரை அவள் பார்க்கவில்லை. வாலைத்தான் பார்த்தாள். வளைவில் காற்று முழுதாய் அறைந்தபோதும் ஒரு சுருக்கம் விழவில்லை.

"போ!" என்று கத்தினாள். "போ நாயே, ஒழுங்காப் போய் இறங்கு! திரும்பி வந்தியோ, தெரியும்!"

அது மேற்கே புள்ளியானது.

"எடியே, விழுந்திட்டுதோ?" என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல்.

"என்ர முடிச்சடி அக்கா அது! எப்பிடி விழும்?" என்று சீறிவிட்டு, பல்கனிக் கதவை அடித்துச் சாத்தினாள்.